பன்னிரண்டு இல்லைங்க, பத்துதான்

போன ஞாயிறு ஒரு நண்பர் வீட்டில், அறுபதுகளில் கலக்கிய அமெரிக்கப் பெண்கள் குழுவான சுப்ரீம்ஸின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இது டயானா ராஸ் பாட்டுதானே?" என்று கேட்டார் அவர் மனைவி. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

சுப்ரீம்ஸ் என்றால் எல்லோரும் ஒப்பிக்கும் கணக்கு ஒன்று உண்டு: 1964 முதல் 1969க்குள் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று சொல்லும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 12 பாட்டுகள் முதலிடம். பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில், மூன்று கறுப்பினப் பெண்கள். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் பத்துதான். மீதி இரண்டையும் குழுவின் முன்னணிப் பாடகி டயானா ராஸ் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

டெட்ராய்டில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் ஃப்ளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ் மூவரும். 1961ல் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததே ஃப்ளாரன்ஸ்தான். அப்புறம் மூன்று வருஷம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. 'ஹிட்டே இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கம்பெனிக்குள்ளேயே கிண்டல்.

பிறகு 1964ல் வந்தது 'வேர் டிட் அவர் லவ் கோ'. மார்வலெட்ஸ் என்ற இன்னொரு பெண்கள் குழு வேண்டாமென்று தள்ளிவிட்ட பாட்டு அது, இவர்களுக்கும் பிடிக்கவில்லை. டயானாவின் வழக்கமான உச்சக் குரலைக் கீழே இறக்கிப் பாடவைத்தார்கள், அந்தக் கொஞ்சலும் ஏக்கமும் அங்கேதான் பிறந்தது. ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், ஆரம்பத்தில் தட்டுவது டிரம்ஸும் இல்லை, கையும் இல்லை. மரப்பலகைமேல் ஒருவர் ஷூ காலால் மிதித்த சத்தம்! அந்தக் கோடையில் இவர்கள் ஒரு பல்கலைஞர் குழுவோடு ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது போஸ்டரில் கடைசிப் பெயர், சுற்றுப்பயணம் முடியும்போது முதல் பெயர்.

அதற்கப்புறம் 'பேபி லவ்', 'கம் சீ அபவுட் மீ', 'ஸ்டாப்! இன் த நேம் ஆஃப் லவ்', 'பேக் இன் மை ஆர்ம்ஸ் அகெய்ன்'. வரிசையாக ஐந்து முதலிடம். ஆறாவது பாட்டு 11ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு குழுவுக்கு 11 வந்தால் கேக் வெட்டுவார்கள். முதலாளி பெர்ரி கார்டி என்ன செய்தார் தெரியுமா? இனி சுப்ரீம்ஸுக்கு முதலிடம் பிடிக்கிற பாட்டு மட்டும்தான் வெளியிட வேண்டும் என்று கம்பெனிக்குள் சுற்றறிக்கையே விட்டார். அடுத்து வந்த 'ஐ ஹியர் எ சிம்ஃபனி' முதலிடம் பிடித்தது என்பதுதான் வேடிக்கை.

எனக்கு உயிர் 1966ன் 'யூ கீப் மீ ஹேங்கிங் ஆன்'. தொடக்கத்தில் கிட்டார் ஒரே சுரத்தைத் தந்தியடிக்கிற மாதிரி டிக்டிக்கென்று அடிக்கும், ரேடியோவில் அவசரச் செய்திக்கு முன்னால் வரும் சத்தத்திலிருந்து எடுத்த யோசனை அது. பாட்டெழுதி இசையமைக்கும் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணியின் வேலை. என் பத்துக் கணக்கில் உள்ள அத்தனையும் அவர்கள் கைவண்ணம், 'த ஹாப்பனிங்' மட்டும் வெளி இசையமைப்பாளரோடு சேர்ந்து செய்தது. இந்தப் பத்தும் வந்தபோது ஃப்ளாரன்ஸ் குழுவில் இருந்தார்.

1967ல் அவரை வெளியேற்றி சிண்டி பேர்ட்சாங்கைக் கொண்டுவந்தார்கள். குடி, எடை, நிகழ்ச்சிக்கு வராமல் போனது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே சமயத்தில்தான் குழுவின் பெயரும் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்' ஆனது. பேர் வைத்தவர் வெளியே, பேருக்கு முன்னால் இன்னொரு பேர். ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டுத் தோற்றார், வீட்டை இழந்தார், அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார், 1976ல் 32 வயதில் இறந்துபோனார்.

இப்போது அந்த மிச்ச இரண்டுக்கு வருகிறேன். 1968ன் 'லவ் சைல்ட்', 1969ன் 'சம்டே வீல் பி டுகெதர்'. இரண்டிலும் டயானாவுக்குப் பின்னால் பாடியது மேரியும் இல்லை, சிண்டியும் இல்லை, ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்த வேறு பாடகிகள். 'என்றாவது ஒருநாள் ஒன்றுசேர்வோம்' என்ற பாட்டில் ஒரே ஒரு சுப்ரீம்தான் இருக்கிறார்! டயானாவை ஊக்கப்படுத்த அருகே நின்று குரல்கொடுத்த தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டலின் குரல்கூட அந்த ரெக்கார்டில் இருக்கிறது, மேரி குரல் இல்லை. குழுவின் பிரிவுப் பாட்டு என்று இதைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

டயானா மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தக் குரல் இல்லாமல் 1964 நடந்திருக்காது. 'லவ் சைல்ட்' அருமையான பாட்டு, காரில் சத்தமாக வைத்துக் கேட்பேன். அதைக் குழுப் பாட்டு என்று விற்றதுதான் உறுத்துகிறது.

நண்பரின் மனைவிக்கு நேற்று ஒரு பாட்டு அனுப்பிவைத்தேன். 1961ல் வந்து ஓடாமல் போன 'பட்டர்டு பாப்கார்ன்'. லீட் பாடுவது ஃப்ளாரன்ஸ். "யாருங்க இது, இப்படி அடிக்குது குரல்?" என்று பதில் வந்திருக்கிறது.