பீரோச் சாவி யார் கையில்?

பிள்ளைகள் ஏன் வாசிப்பதில்லை என்று ஆசிரியர்கள் கூடுகிற எந்த இடத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "செல்போன் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டு சார்." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செல்போன் வருவதற்கு முன்னாலும் நம்ம நெல்லைச் சீமையில் பல பள்ளிக்கூடங்களில் நூலகம் என்பது எச்.எம். (தலைமையாசிரியர்) அறையில் நின்ற ஒரு இரும்பு பீரோதான், அதற்கு ஒரு பூட்டு. அம்பை, சேரன்மகாதேவி வட்டாரத்திலேயே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல பீரோக்களையும் தெரியும், பல எச்.எம்.களையும் தெரியும்.

பூட்டி வைத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. பயந்தவர்கள். பெரும்பாலான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நூலகர் பணியிடமே கிடையாது. யாராவது ஒருவர் தலையில் நூலகப் பொறுப்பு விழும். அனேகமாகத் தமிழய்யா, இல்லாவிட்டால் விளையாட்டு சொல்லித்தரும் பி.இ.டி. சார். கூடவே இருப்புப் பதிவேடும் வந்து சேரும். மாறுதலில் போகும்போதும் ஓய்வு பெறும்போதும் ஒவ்வொரு புத்தகமாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு. தணிக்கையில் எழுதிவிட்டால் பென்ஷன் பேப்பர் நகராதோ என்ற பயம் வேறு. 40 ரூபாய்ப் புத்தகத்துக்காகப் பென்ஷனோடு யார் விளையாடுவார்கள்? வெளியே எடுக்காத புத்தகம் தொலையாது, கணக்கு சரியாக இருக்கும்.

இத்தனைக்கும் புத்தகம் என்றால் தொலையும் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளைப் பாருங்கள். ஓராண்டில் எடுத்துப் படித்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைந்தால் இயல்புதான், நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவே என்கிறது. அது மத்திய அரசு நூலகங்களுக்கானது, நம்மூர்ப் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அந்த ஆயிரத்தை எதை வைத்து எண்ணுகிறார்கள் என்று கவனியுங்கள். பீரோவில் எத்தனை இருக்கிறது என்பதை வைத்து இல்லை, எத்தனை வெளியே போனது என்பதை வைத்து.

முக்கூடல் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒரு டீச்சர் எச்.எம்.மாக வந்தார். வந்த சூட்டிலேயே பீரோவைத் திறந்து, வராந்தா நெடுக நைலான் கயிறு கட்டி, புத்தகங்களைத் துணி காயப்போடுவது மாதிரி தொங்கவிட்டார். ஆறாம் வகுப்புக் குட்டைப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரம். பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு. எடுக்கிற பிள்ளையே பேரெழுதிக்கொள்ள வேண்டியது. காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "கிழிஞ்சா கிழியட்டும், படிச்சுக் கிழிங்க" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள், நூலகப் பொறுப்பில் இருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. மத்தியானம் கூப்பிட்டுவிட்டு இருப்புப் பதிவேட்டை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "குறைஞ்சா நான் பதில் சொல்லுதேன், நீங்க குடுங்க சார்."

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் அம்மாவுக்கும் சித்திக்கும் ராத்திரியில் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். ஒருநாள் பாதியில் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். "முடிக்காம ஏன் கொண்டு குடுத்த" என்று அம்மா சத்தம் போட, மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை முதல் ஆளாக அதைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள்.

புத்தகங்கள் தொலையத்தான் செய்தன. பேய்க்கதை, விடுகதை, சமையல் குறிப்பு. (சமையல் குறிப்பு விஷயத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூம் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.) பொன்மொழித் தொகுப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை. டீச்சர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த முறை புத்தகம் வாங்கினார்.

அப்புறம் அவருக்கு மாறுதல் வந்தது. அடுத்து வந்தவர், "வராந்தா பாக்க அசிங்கமா இருக்கு" என்று கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அதே ஊர், அதே பிள்ளைகள், வீட்டில் அதே செல்போன். ஒரு பருவம் முடிவதற்குள் வாசிப்பு நின்றுபோயிற்று. அதனால்தான் செல்போன் கதையை யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அரசு கொடுக்காமல் இல்லை. நாலு, அஞ்சாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறு முதல் ஒன்பது வரை தேன்சிட்டு என்று இதழ்கள் வந்தன. 2023-இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி நுழை, நட, ஓடு, பற என நான்கு படியாகச் சின்னச் சின்னப் படப் புத்தகங்கள் வந்தன. நல்ல புத்தகங்கள், குறை சொல்ல மாட்டேன். ஒரு பள்ளியில் அவை மூலை மடங்கி நைந்து கிடந்ததைப் பார்த்தேன். இன்னொன்றில் கட்டுப் பிரிக்காமல் அலுவலக அலமாரி மேல். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5000 முதல் 20000 ரூபாய் வரை ஒதுக்க இடம் உண்டு. அந்த நிதியே 2024-இல் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது வேறு வயிற்றெரிச்சல்.

கால அட்டவணையில் நூலகப் பாடவேளை இருக்கும். அரையாண்டு முடிந்ததும் கணக்கு சார் வந்து கேட்பார், கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டவணையில் கையெழுத்துப் போடுவது யார்?

நமக்குப் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. பாளையங்கோட்டை தென்னகத்து ஆக்ஸ்போர்டு, பாரதி படித்த பள்ளி நெல்லையில், புதுமைப்பித்தன் படித்த கல்லூரி நெல்லையில், சாகித்திய அகாதமி வாங்கிய வண்ணதாசன் நம்மூர்க்காரர். பாளையங்கோட்டையில் பொருநை புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே யூனிஃபார்மில் வரிசையாக வரும் பிள்ளைகளைப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று, "தொடாத, நட நட" என்று பின்னாலிருந்து குரல். வெளியே வரும்போது ஆளுக்கொரு பேனா வாங்கியிருக்கும்.

எச்.எம்.களின் பாடும் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பள்ளி விவரம் ஏற்றும் எமிஸ் பதிவு, சைக்கிள் விநியோகம், காலை உணவு, ஒழுகுகிற கூரை என்று ஒரு நாள் போய்விடும். மேலிருந்து ஆய்வுக்கு வருபவர் கேட்பது தேர்ச்சி சதவீதம். நூலகம் பற்றிக் கேட்டால் இருப்புப் பதிவேட்டைக் கேட்பார். எந்தப் புத்தகம் யாருக்குப் போனது என்று எழுதும் வழங்கல் பதிவேட்டை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காத கணக்குக்கு யார் மெனக்கெடுவார்கள்?

அதனால் பெற்றோர்தான் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தானே அதிகம். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் வழங்கல் பதிவேட்டில் கடைசித் தேதி என்ன என்று கேளுங்கள். புத்தகம் தொலைந்தால் ஆசிரியரிடம் காசு பிடிக்கக் கூடாது, ஊர் வாங்கித் தரும் என்று ஒரு தீர்மானமும் எழுதிக் கொடுங்கள். ஒரு கோயில் கொடைக்கு மைக்செட் வாடகைக்குக் கொடுக்கிற காசில் அது முடிந்துவிடும். எச்.எம். கோபப்பட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். ரிட்டயர் ஆனவனை என்ன செய்துவிட முடியும்?