கூப்பிட வராத பெயர்

போன வாரம் என் மகள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். வயது 9. "ஸ்கூல் கேட்டுக்கிட்ட நின்னு பொம்மின்னு கத்தாதப்பா. வீட்ல மட்டும் கூப்பிட்டுக்க."

சரி என்றேன். மறுநாள் சாயங்காலம் கேட் அருகே நின்று அவளுடைய முழுப் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வரவில்லை. மறதி இல்லை. இந்த 9 வருடத்தில் எத்தனையோ படிவங்களில் என் கையால் எழுதிய பெயர்தான். ஆனால் ஒரு தடவைகூடச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. கடைசியில் கையை மட்டும் ஆட்டினேன்.

(பொம்மி என்பதும் அவளுடைய உண்மையான வீட்டுப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேற ஏதாவது போட்டுக்க" என்று உத்தரவு வந்தது. சான்றிதழில் உள்ள பெயரையும் எழுதப் போவதில்லை. முன்னால் ஒரு ஜ, நடுவில் ஒரு க்ஷ, கடைசியில் ஒரு ஸ்ரீ என்பது மட்டும் தெரிந்தால் போதும். எண்கணிதம் பார்த்தவர் ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு ஹெச் கூடுதலாகப் போடச் சொன்னார். அதையும் போட்டோம்.)

எனக்கும் இரண்டு பெயர் உண்டு. ஆனால் காரணம் வேறு. தாத்தா பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்ற பொருளில். எங்கள் விருதுநகர்ப் பக்கம் மூத்த பேரனுக்கு அதுதான் வழக்கம். என் பெயர் புரொஃபைலிலேயே இருக்கிறது, 'வெள்ளை'யில் தொடங்குவது. சிக்கல் என்னவென்றால் அது என் அம்மாவுக்கு மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்றால் பெயரை மட்டும் இல்லை, அந்த எழுத்துகளையே. அம்மா இன்றுவரை வெள்ளை வேட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை, வெளுத்த வேட்டி என்பார். வெள்ளைப் பூண்டு வெறும் பூண்டுதான். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்? 'ராசு' என்று கூப்பிட்டார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டும் தாத்தா பெயர். நான் நல்ல கருப்பு. கருப்பான பையனுக்கு வெள்ளையில் தொடங்கும் பெயர் இருந்தால் வகுப்பில் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மணி அடித்து வீட்டுக்கு வந்து அம்மா "ராசு" என்றதும்தான் என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் வீட்டுப் பெயர் வந்ததற்கு இப்படி ஒரு நியாயம் இருந்தது. வைத்த பெயரைச் சொல்லத் தடை, அதனால் சொல்ல இன்னொன்று. இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு என்ன தடை? நாங்களே தேடி, நாங்களே காசு கொடுத்துக் கணித்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காதில் 3 முறை சொன்ன பெயர். அன்றைக்குச் சொன்னதோடு சரி. மறுநாளே பொம்மி.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்ததில் பதில் இலக்கணத்தில் கிடைத்தது. தமிழில் எட்டாம் வேற்றுமை விளி, அதாவது கூப்பிடுவது. மற்ற வேற்றுமைகளை மறந்தவர்களுக்குக்கூட இது நினைவிருக்கும், ஏனென்றால் தினமும் செய்கிறோம். கண்ணன் கண்ணா ஆவான், முருகன் முருகா ஆவான், வள்ளி வள்ளீ ஆவாள். நன்னூல் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் பெயர் இயல்பாகவே நிற்கலாம், தூரத்தில் இருப்பவர் என்றால் நீளும், புலம்பும்போது கடைசியில் ஓ சேரும். 13-ஆம் நூற்றாண்டு நூல். மொட்டை மாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது. நம் மொழியில் பெயர் என்பது நீளத் தெரிந்த ஒன்று. ஜவும் க்ஷவும் ஸ்ரீயும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் பெயரை எங்கே நீட்டுவது? மூச்சு விட இடமில்லை. அதனால் வாய் தானாக ஒரு பொம்மியையோ அம்முவையோ புஜ்ஜியையோ தேடிக்கொள்கிறது.

என் கட்சி இதுதான்: செல்லப் பெயர் தப்பே இல்லை. கூப்பிட முடியாத பெயரைச் சான்றிதழுக்கென்று வைப்பதுதான் தப்பு. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1903-இல் விருதுநகரில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் காமாட்சி, குலதெய்வத்தின் பெயர். வீட்டில் செல்லமாக ராஜா. இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. தெய்வத்துக்காக வைத்ததும் வீட்டார் கூப்பிட்டதும் ஒரே பெயருக்குள் இருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வீட்டில் குஞ்சம்மா. கச்சேரி நோட்டீஸில் அது வராது, நெருங்கியவர்கள் வேறு பெயரால் கூப்பிடவும் மாட்டார்கள். வங்காளிகள் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். வெளியில் சொல்ல ஒரு 'பாலோ நாம்', வீட்டில் கூப்பிட ஒரு 'டாக் நாம்'. முதலாவது நல்ல பெயர், இரண்டாவது கூப்பிடும் பெயர். சத்யஜித் ராய் தன் ஆட்களுக்கு மாணிக் தான். அங்கே யாரும் இதற்காகக் குழம்புவதில்லை, எதை எங்கே சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதவர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் விஸ்வநாதன் ஆனந்த். அவர் பெயர் ஆனந்த், விஸ்வநாதன் அப்பா பெயர். வெளிநாட்டுச் சதுரங்க உலகம் முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதைச் சுருக்கி 'விஷி' ஆக்கிவிட்டது. 5 முறை உலக சாம்பியன் ஆனவருக்கு உலகம் வைத்த செல்லப் பெயர் அவருடைய அப்பா பெயரிலிருந்து வந்தது! அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். நானாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் திருத்திக்கொண்டிருப்பேன்.

சரி, இதெல்லாம் ரசனைப் பிரச்சினைதானே என்பவர்களுக்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு 3 வயதில் கடும் காய்ச்சல். நாங்கள் இருவரும் வேலையில். என் அம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் பிள்ளை பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "பொம்மி." முழுப் பெயர் என்ன பாட்டி? அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பேத்தியின் பெயரை அவருக்கு யார் பழக்கினோம்? சீட்டில் 'பேபி பொம்மி', பிறகு அட்மிஷனில் அதே, டிஸ்சார்ஜ் சம்மரியில் அதே. இன்சூரன்ஸில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், மறுபடி கடிதம் என்று 2 மாதம் இழுத்தது. பணம் வந்துவிட்டது, அதை விடுங்கள். அம்மா அன்றைக்கு ராத்திரி, "என் பேத்தி பேரு எனக்கே தெரியலையேடா" என்றார். அதற்கு எந்தக் கவுண்டரிலும் பரிகாரம் கிடையாது.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு தகவல். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரையும் அப்போதே கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். நாலைந்து மாதம் கூப்பிட்டுப் பாருங்கள். மாடியிலிருந்து கூப்பிடுங்கள், சமையலறையிலிருந்து கூப்பிடுங்கள், கோபத்தில் கூப்பிடுங்கள். பாட்டி வாயில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போய் எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். பின்னால் பெயரை மாற்ற வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிட்டு, ஒவ்வொரு ஆவணமாக அலைய வேண்டும். நானும் என் மனைவியும் ஒரு முறை அதையும் யோசித்தோம். மகள்தான், "எனக்கு என் பேரு பிடிச்சிருக்கு, நீங்க சொல்லிப் பழகுங்க" என்றாள்.

இன்னொன்று. கருப்பி, குண்டு, குள்ளா, பல்லி என்பதெல்லாம் செல்லப் பெயர் இல்லை. சித்தப்பா பாசத்தில்தான் கூப்பிடுகிறார் என்று தயவுசெய்து வராதீர்கள். உண்மையான செல்லப் பெயரைக்கூட யார் கூப்பிடலாம், எங்கே கூப்பிடலாம் என்று சொல்கிற உரிமை பிள்ளைக்கு உண்டு. டீச்சருக்குப் பிள்ளை முழுப் பெயரில் போகட்டும். வேன் டிரைவருக்கு, அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவுக்கு நாமே செல்லப் பெயரைப் பரப்பிவிட்டு, அப்புறம் 'ஏன் கோபப்படுகிறாய்' என்று கேட்பது நியாயமில்லை.

நான் பழகிக்கொண்டிருக்கிறேன். குளியலறையில் சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவும் பழகுகிறார். நேற்று ராத்திரி பால்கனியில் நின்று, கீழே விளையாடிக்கொண்டிருந்தவளைப் பேத்தியின் சொல்படி முழுப் பெயரில் கூப்பிட முயன்றார். ஜவைத் தாண்டி க்ஷவில் தடுக்கி, ஸ்ரீக்கு மூச்சு போதவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தாஆஆ" என்றார்.

கீழே நாலைந்து பெண் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தன. இவள் மட்டும் சைக்கிளைப் போட்டுவிட்டு, "வர்றேன் அப்பத்தா" என்று படியேறி வந்தாள்.