ஓ-வை ஆ ஆக்கினால் பெண் விலங்கு ஆகிவிடாது

"இத்தாலியத்தில் விலங்குப் பெயரின் கடைசி ஓ-வை ஆ ஆக்கினால் பெண்பால், ஆண் பெயர்களை மட்டும் படித்தால் போதும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

பூனைக்கு கத்தோ–கத்தா, ஓநாய்க்கு லூபோ–லூபா, சரி. ஆனால் காளை தோரோ, பசு மூக்கா. சேவல் கல்லோ, கோழி கல்லீனா. சிங்கம் லெயோனே, பெண் சிங்கம் லெயோனெஸ்ஸா. காளை–பசு, களிறு–பிடி என்று நாம் தனித்தனிச் சொல் வைத்திருப்பது போலத்தான்.

இதைவிட முக்கியமானது வேறு. புலி (தீக்ரே), ஒட்டகச்சிவிங்கி (ஜிராஃபா) இரண்டும் இலக்கணத்தில் எப்போதும் பெண்பால். ஆண் புலியைச் சொல்லும்போதும் 'லா தீக்ரே'தான் ('லா' என்பது பெண்பால் பெயருக்கு முன்னால் வரும் சுட்டு). தேவைப்பட்டால் பின்னால் 'மாஸ்கியோ' (ஆண்) சேர்ப்பார்கள். அடைமொழியும் பெண்பாலிலேயே வரும். விலங்குகளை அஃறிணை என்று ஒரே வகையில் அடக்கும் தமிழிலிருந்து போகிற நமக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

அப்புறம், பலேனா என்றால் திமிங்கிலம். உங்கள் விதியைத் திருப்பிப் போட்டு பலேனோ என்றால் ஆண் திமிங்கிலம் வராது, மின்னல் வெட்டு வரும்! ஒவ்வொரு பெயரையும் 'இல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.