ஈகின்ஸ் வாத்தியார்

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈகின்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் கோவணக் கதைதான் முதலில் வரும். 1886இல், ஃபிலடெல்ஃபியாவின் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை அகற்றிவிட்டார். நிர்வாகம் அவரை ராஜினாமா செய்ய வைத்தது. அக்காலப் போலி ஒழுக்கத்துக்குப் பலியான கலைஞர் என்று அதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

வாத்தியாராக அவர் அசாத்தியமானவர், சந்தேகமே இல்லை. பாரிஸில் ஓவியர் ழெரோமிடம் பயின்று, ஸ்பெயினில் பழைய மேதை வெலாஸ்க்வெஸின் ஓவியங்களைப் பார்த்து வியந்து, 1870இல் ஊர் திரும்பியவர். 1876இல் கழகத்தில் கற்பிக்க வந்தார், 1882இல் அதன் இயக்குநரானார். பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருக்கும் வழக்கம் அவருக்கு ஆகாது. எடுத்த எடுப்பில் பிரஷைக் கையில் கொடுத்து உயிருள்ள உடம்பின் முன்னால் உட்காரவைப்பார். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிணங்களை அறுக்க வேண்டும், குதிரைகளையும்தான். பெண்களுக்கும் உடற்கூறு கட்டாயம் தெரிய வேண்டும் என்றார். கறுப்பின ஓவியர் ஹென்றி ஒசாவா டேனர் இவரிடம் படித்தவர்.

தன் ஓவியத்திலும் இதே பிடிவாதம்தான். 1875இல் வரைந்த 'கிராஸ் கிளினிக்'கில் அறுவை சிகிச்சை நிபுணர் சாமுவேல் கிராஸ் கறுப்புக் கோட்டோடு நிற்கிறார், விரல்களில் ரத்தம். ஓரத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொள்கிறாள். மறு வருடம் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டு விழாக் கண்காட்சியின் கலைப் பிரிவு இதை ஏற்கவில்லை, ராணுவ மருத்துவமனை அரங்கில்தான் மாட்டினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி 200 டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இனி நான் உடன்படாத பாதி. அமீலியா வான் ப்யூரன் என்ற மாணவி இடுப்பெலும்பின் அசைவு பற்றிக் கேட்டபோது, தன் உடைகளைக் களைந்து காட்டி விளக்கியதாக ஈகின்ஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வெறும் வார்த்தையால் விளக்க முடியாது என்பது அவர் சொன்ன நியாயம். அந்த மாணவி அவரோடு முறித்துக்கொள்ளவில்லை, பின்னாளில் அவர் முன் உட்கார்ந்து தன் உருவப்படத்தையும் வரையவைத்தார். சரி. ஆனால் இயக்குநர் நாற்காலியில் இருக்கும் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு இப்படிப் பாடம் நடத்தினால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை மாணவிகளுக்குத் தைரியம் வரும்? மாணவர்களையும் மாணவிகளையும் நிர்வாணமாக நிற்கவைத்துப் படம் எடுத்ததும் உண்டு. உடம்பை அறிவியல் கண்ணால் பார்த்த மனிதர், தன் அதிகாரத்தை மட்டும் பார்க்கவே இல்லை. இதை ஒழுக்கப் பிரச்சினை என்று அன்று பேசியவர்களும் கலைச் சுதந்திரம் என்று இன்று பேசுபவர்களும் அந்த மாணவிகளின் இடத்திலிருந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

அதற்காக அவருடைய பாடத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ராஜினாமாவுக்குப் பிறகு மாணவர்களில் ஒரு பகுதியினர் கழகத்தை விட்டு வெளியேறித் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள், ஈகின்ஸ் அங்கே சம்பளமில்லாமல் கற்பித்தார். அந்த அளவுக்கு மாணவர்கள் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

2006இல் அந்த 200 டாலர் ஓவியத்தை 6.8 கோடி டாலருக்கு வெளியூருக்கு விற்க ஏற்பாடானது. ஃபிலடெல்ஃபியா பதறிப்போய் நிதி திரட்டியது. அவரை வெளியேற்றிய அதே கழகமும் ஊர் அருங்காட்சியகமும் சேர்ந்து வாங்கின. தன் பங்குப் பணத்துக்காகக் கழகம் விற்றது எதைத் தெரியுமா? தன்னிடமிருந்த இன்னொரு ஈகின்ஸ் ஓவியத்தை!