விளக்கைப் பார்க்கவா, விளக்கில் பார்க்கவா?

நேற்று இரவு அது மூன்றாவது முறையாக என் தலையில் விழுந்தது. ஸ்ட்ரிப் லைட்டைச் சொல்கிறேன். சோபாவுக்கு நேர் மேலே, ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒட்டியிருந்த ஐந்து மீட்டர் எல்.இ.டி. நாடா, பசை விட்டுப்போய், சத்தமே இல்லாமல் இறங்கி, என் கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது. விழுந்த பிறகும் எரிந்துகொண்டே இருந்ததுதான் கொடுமை. நீலம், ஊதா, பச்சை, மறுபடி நீலம். அதன் ரிமோட்டில் 44 பொத்தான்கள். மின்னல் போல வெட்டி வெட்டி எரிய ஒன்று, மூச்சு விடுவது போல ஏறி இறங்க ஒன்று. மனுஷன் உட்கார்ந்து நாலு பக்கம் படிக்கிற மாதிரி மஞ்சள் வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு பொத்தானும் கிடையாது.

"சுவரை இடிக்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம். நாலு விளக்கை மாற்றி இரண்டு அலங்காரப் பொருளை வையுங்கள், வீடு புதுசாகிவிடும்." இந்த வசனத்தை நம்பி மூன்று மாதம் நாயாய் அலைந்தவனின் வயிற்றெரிச்சல் இது. பொறுமை இருந்தால் படியுங்கள்.

வசனம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மை என்பதால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாகிறது. போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் ஹாலில் இருந்த டியூப் லைட் பட்டென்று அணைந்துவிட்டது. வேறு வழியில்லாமல், மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய டேபிள் லேம்பை எடுத்துத் தாழ்வான ஸ்டூலில் வைத்துப் போட்டேன். அதே சோபா, அதே கறை படிந்த சுவர், அதே புத்தகக் குவியல். ஆனால் அந்த அறையை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கறை இருட்டுக்குள் போய்விட்டது. புத்தக முதுகுகள் மட்டும் வரிசையாக மினுங்கின. அன்றைக்கு எதுவும் பேசாமல் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சரி, ஒரு ஓட்டை லேம்ப்பே இவ்வளவு செய்தால், முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

முதலில் பல்பு. நாலு பெட்டி வாங்கினேன். நாலிலும் பெரிய எழுத்தில் "வார்ம் ஒயிட்". வீட்டுக்கு வந்து வரிசையாக மாட்டினால் ஒன்று பழைய காகித நிறம், ஒன்று லேசான ரோஸ், ஒன்றில் பச்சை வாடை, நாலாவது ஆஸ்பத்திரி வராந்தா. பெட்டியைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஒன்றில் 2700 கெல்வின், இன்னொன்றில் 3000, மூன்றாவதில் 3000 முதல் 3500 வரை. நாலாவதில் எண்ணே இல்லை. "வார்ம்" என்பது அளவு இல்லை, விளம்பரம். கெல்வின்தான் அளவு. இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, வெளுக்கும் அல்லவா, அந்தச் சூட்டுக் கணக்கு. எண் ஏற ஏற வெளிச்சம் நீலத்துப் பக்கம் போகும். ஆக, சூடு அதிகமான எண்ணுக்குப் பெயர் "கூல்", சூடு குறைந்த எண்ணுக்குப் பெயர் "வார்ம்". இதிலேயே பாதிப் பேர் குழம்பிவிடுவார்கள். குழம்பினால்தானே வியாபாரம்.

இதில் 6500 கெல்வின் என்று ஒன்று இருக்கிறது. "டே லைட்" என்று பெயர் வைத்து விற்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறையில் எனக்கு எதற்கு ஐயா பட்டப்பகல்? 1941-ல் க்ரூய்ட்ஹாஃப் என்ற டச்சு இயற்பியலாளர் ஒரு வரைபடம் போட்டார். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது நீலம் கலந்த வெள்ளை மனுஷனுக்குச் சோகையாகத் தெரியும், குறைந்த வெளிச்சத்துக்கு மஞ்சள்தான் இதமாக இருக்கும் என்பது அதன் சாரம். பிற்பாடு வந்த ஆய்வுகள் அதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு ராத்திரி என் படுக்கையறையில் வந்து படுத்துப் பார்க்கலாம். அந்த வெளிச்சத்தில் தூங்குகிறவர்களைப் பார்த்தால் மூச்சு இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

வாட் கதை தனி. "எத்தனை வாட் வேணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வாட் என்பது அது தின்னும் மின்சாரம், தரும் வெளிச்சம் இல்லை. வெளிச்சத்துக்கு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 800 லூமனை இன்றைக்கு 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. இதை விற்கிறவரிடம் சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்.

அடுத்து குஷன். ஆழ்ந்த சிவப்பில் நாலு உறை வாங்கினேன். வாங்கிய இடத்தில் ரத்தினம் மாதிரி ஜொலித்தது. வீட்டு விளக்கில் வைத்தால் காய்ந்த சேறு. மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், அதே சிவப்பு. துணி செய்த துரோகம் இல்லை, பல்பு செய்த துரோகம். பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருந்தது. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்கு இத்தனை என்று மார்க். எண்பது மார்க் நல்ல மார்க்தானே என்று நீங்களும் நினைப்பீர்கள். அந்த மார்க் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்தப் பரீட்சையிலேயே இல்லை! அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. அதில் முட்டை வாங்கிய பல்பும் எண்பது மார்க்கோடு பாஸாகிவிடலாம். வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் நீல எல்.இ.டி.க்கு மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. சிவப்பைத் தனியாகக் கவனித்துச் சேர்க்காவிட்டால் அது பஞ்சத்தில்தான் இருக்கும். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது மகத்தான வேலை. அதை வைத்து என் குஷனைச் சேறாக்கியவர்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன். 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள பல்பு இருக்கிறது. இருப்பதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இப்போது சீலிங்குக்கு வருகிறேன். என் ரத்தக் கொதிப்புக்கு முக்கியக் காரணம் அதுதான்.

எலக்ட்ரீஷியன் வந்தார். நல்ல மனுஷன், வேலையில் சுத்தம். அண்ணாந்து பார்த்தார், டேப்பை இழுத்தார், சீலிங்கில் ஓட்டை போட்டுப் பதிக்கிற சின்ன விளக்குகளுக்காகப் பென்சிலால் நாலுக்கு மூன்று கட்டம் போட்டார். "பன்னெண்டு டவுன்லைட் சார். ஹால் தூக்கிடும்."

"அண்ணே, சோபா இங்கதான் இருக்கும். நான் சாஞ்சுதான் படிப்பேன்."

"சோபாவை எங்க வேணா போட்டுக்கலாம் சார். லைட்டு நேர் வரிசையில வரணும், அதான் லுக்கு."

லுக்கு. இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கே உட்காருவீர்கள், எங்கே படிப்பீர்கள், எந்தச் சுவர் உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் வரிசை சரியாக இருக்கிறதா, போட்டோவில் பளிச்சென்று வருமா, இதுதான் கணக்கு. விளக்கைப் பார்ப்பதற்கு விற்கிறார்கள். விளக்கில் பார்ப்பதற்கு யாரும் விற்பதில்லை.

பன்னிரண்டும் மாட்டி, மொத்தத்தையும் போட்டு, பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார். "ஏம்ப்பா, இருட்டா இருக்கே?" என்றார்.

பன்னிரண்டு விளக்கு எரிகிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. டவுன்லைட் வெளிச்சத்தைக் கொட்டுவது தரையில். நின்றாலும் உட்கார்ந்தாலும் நம் கண் பார்ப்பது சுவரை. சுவர் இருட்டாக இருந்தால், தரையில் எத்தனை ஆயிரம் லூமன் கொட்டினாலும் அறை இருட்டுத்தான். கூடவே, சோபாவில் சாய்ந்தால் இரண்டு விளக்கு நேராகக் கண்ணுக்குள் குத்துகிறது. வாய் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி, பல் டாக்டர் நாற்காலி. இது ஒன்றும் புது ரகசியமும் இல்லை. ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்க ஒளி வடிவமைப்பாளர் 1952-லேயே ஒளியை மூன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். அறை முழுக்கப் பரவுகிற பொது வெளிச்சம், நாம் கவனிக்க வேண்டிய இடத்தில் விழும் குவிந்த வெளிச்சம், கண்ணைக் குளிர வைக்கும் சின்னச் சின்ன மினுக்கல். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் வீட்டுக்கு வருவது அதில் முதலாவது மட்டும், அதுவும் அரைகுறையாக.

இதே வியாதிதான் சமையலறையிலும். விளக்கு நடுக்கூரையில், மேடை சுவரோரம். நான் மேடைக்கு முன்னால் நின்றால் என் நிழலிலேயே நான் கத்தியைப் பிடிக்க வேண்டும். அலமாரிக்கு அடியில் ஒரு சின்னப் பட்டை விளக்கு போட்டால் தீர்ந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு. கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து, காலையில் பல் விளக்கும்போதே பத்து வயசு கூடிவிடுகிறது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் போட்டிருந்தால் இந்த வயசு எனக்கு வந்திருக்காது.

சரி, வெளிச்சத்தைக் குறைத்தாவது பார்ப்போம் என்று டிம்மர் வாங்கினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பாதிக்குத் திருப்பினால் கொசு ரீங்காரம், அதற்கும் கீழே போனால் படபடவென்று துடிப்பு, இன்னும் கீழே போனால் மூன்று விளக்கு அணைந்து ஒன்பது மட்டும் எரிகிறது. காரணம் தேடிப் படித்தேன். அந்த டிம்மர் குண்டு பல்புக் காலத்து ஜாதி. மின்சார அலையில் ஒவ்வொரு துண்டாக நறுக்கிவிடும், நாற்பது அறுபது வாட்டாவது இழுப்பார்கள் என்று எதிர்பார்க்கும். எல்.இ.டி.யோ கொறிப்பது கொஞ்சம், மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தர உள்ளே டிரைவர் என்று ஒரு சின்னச் சுற்று இருக்கிறது, அதற்கு நறுக்கிய அலை புரியாது. "டிம்மபிள்" என்று பெட்டியில் போட்ட பல்பும், எல்.இ.டி.க்கென்றே செய்த டிம்மரும் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். விற்கிறபோது இதைச் சொன்னால் வாய் வலிக்குமா?

துடிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. டிம்மர் இல்லாத பல்பும் துடிக்கும். மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 முறை அலையடிக்கிறது, மட்டமான டிரைவர் உள்ள பல்பு அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, தலைவலியாகத் தெரியலாம். போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பல்பைக் காட்டுங்கள், குட்டு உடைந்துவிடும். நான் காட்டினேன். பன்னிரண்டில் ஏழு துடித்தது.

அப்புறம் அந்தத் தொங்கு விளக்கு செட். மூன்று கண்ணாடிக் குமிழ்கள், அழகாகத்தான் இருந்தன. ஒரே வருஷத்தில் நடுவில் உள்ளது செத்தது. பல்பை மாற்றலாம் என்று கழற்றினால் பல்பே இல்லை! எல்.இ.டி. உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது. "முழுசாத்தான் சார் மாத்தணும். அந்த மாடல் இப்ப வர்றதில்ல." ஒன்று போனதற்காக உயிரோடு இருக்கும் இரண்டையும் குப்பையில் போட வேண்டுமாம். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்ததே என்றேன். அந்தக் கணக்கு வெளிச்சம் தரும் எல்.இ.டி. சில்லுக்கு, அதுவும் வெளிச்சம் எழுபது சதவீதத்துக்குக் குறையும் வரைக்கும். முதலில் சாவது சில்லு இல்லை, பக்கத்தில் இருக்கும் டிரைவர். காற்றுப் போகாத குமிழுக்குள் அடைத்தால் சூட்டில் அதன் கெபாசிட்டர் வெந்துவிடும். 1920-களில் பெரிய பல்பு கம்பெனிகள் ஃபீபஸ் என்று கூட்டணி போட்டு, பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியாமல் பார்த்துக்கொண்டன. அந்தக் காலத்தில் கூடிப் பேசியாவது செய்தார்கள். பல்பையாவது கழற்ற விட்டார்கள்.

அலங்காரப் பொருள்களைப் பற்றிப் பேசினால் பொழுது விடிந்துவிடும். பிளாஸ்டிக் கொடி வாங்கினேன், இரண்டே வாரத்தில் தூசிக்கொடி. சுவர் ஸ்டிக்கரைப் பிரித்தால் பெயிண்ட்டும் கூடவே வந்தது. "கண்ணாடி மாட்டுங்கள், அறை பெரிதாகத் தெரியும்" என்றார்கள். கண்ணாடி தன் எதிரில் இருப்பதைத்தான் காட்டும் என்று யாரும் சொல்லவில்லை. என் கண்ணாடிக்கு எதிரில் செருப்பு ஸ்டாண்ட். இப்போது எனக்கு இரண்டு செருப்பு ஸ்டாண்ட். படங்களை ஒட்டகச்சிவிங்கிக்கு மாட்டுவது போல மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 சென்டிமீட்டரில் இருந்தால் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு நேராக வரும். இப்போது பார்க்க ஸ்டூல் வேண்டும்.

நேற்று ராத்திரி கதைக்கு வருகிறேன். கழுத்திலிருந்த ஸ்ட்ரிப்பை உருவி எறிந்தேன். அதற்கு அலுமினியச் சட்டமும் பால் நிற மூடியும் போட்டு உள்ளே பதித்திருந்தால் விழுந்தும் இருக்காது, புள்ளி புள்ளியாகவும் தெரிந்திருக்காது. அதெல்லாம் இப்போது எதற்கு. ஆத்திரத்தில் சுவிட்சில் ஒரே தட்டாகத் தட்டிப் பன்னிரண்டு டவுன்லைட்டையும் அணைத்தேன். பரணில் தூக்கிப் போட்டிருந்த அந்தப் பழைய டேபிள் லேம்பைத் தேடி எடுத்து, துடைத்து, 2700 கெல்வின் பல்பை மாட்டி, அதே தாழ்வான ஸ்டூலில் வைத்துப் போட்டேன்.

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், நின்று பார்த்தார். சோபா ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இது நல்லா இருக்கேப்பா. இதை எப்ப வாங்கின?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த மங்கல் வெளிச்சத்திலும் சீலிங்கில் பன்னிரண்டு ஓட்டையும் நேர் வரிசையில் நன்றாகவே தெரிந்தன.