கழுகுமலைக்கு அரை மணி நேரம் பத்தாது

குற்றாலம் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, அடிவாரத்து முருகன் கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டு, மலைமேல் நாலு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. தயவுசெய்து மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மகாராஷ்டிரத்து எல்லோராவின் பெரிய குடைவரைகளோடு ஒப்பிட்டு, 'தென்னாட்டு எல்லோரா' என்று சொல்லிச் சொல்லியே, இந்த மலைமேல் இருக்கிற வெட்டுவான் கோயிலைக் கெடுத்துவிட்டோம். அதை நம்பி வருகிறவர் பிரம்மாண்டத்தைத் தேடி ஏமாந்து போகிறார். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சிற்பிகள் இங்கே மலைச்சரிவை அகழ்ந்து, நடுவில் ஒரே பாறையை விட்டு, உச்சியிலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள். சாரம் தேவையில்லை, வேலை இறங்க இறங்க நிற்கிற தரையும் இறங்கும். ஆனால் ஒரு மூக்கு உடைந்தால் மாற்றிவைக்க வேறு கல் கிடையாது. அடிப்பகுதி முடியாமல் நின்றுவிட்டது. அதுதான் நமக்குக் கிடைத்த யோகம். முடிந்த கோயிலில் உளித்தடம் மிஞ்சாது. இங்கே சிகரத்தின் மழமழப்பையும் கீழே கொத்திப்போட்ட முரட்டுக் கல்லையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

வந்ததும் பள்ளத்தில் இறங்கிவிடாதீர்கள். விளிம்பில் நின்று மேலிருந்து பாருங்கள், அவர்கள் செதுக்கிய வரிசையிலேயே. சிகரம், மூலை நந்திகள், தென்புறம் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி, அப்புறம் பூதகணங்கள். ஒவ்வொரு பூதத்துக்கும் தனிச் சேட்டை. சிற்பி ஒருவர் தன் மகனையே கொன்றதாக ஊரில் சொல்கிற கதையைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

பலர் பார்க்காமலே இறங்கிவிடுகிற இடம், அதே மலையில் அய்யனார் கோயிலை ஒட்டிய சமணச் சிற்பங்கள். கொடி சுற்றிய நிலையில் தவம் செய்கிற சமணத் துறவி பாகுபலி, சிங்கத்தோடு சமணப் பெண்தெய்வம் அம்பிகா, வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் என்கிற சமண குருமார்கள். உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் 'இன்னார் செய்வித்த திருமேனி' என்று பொறித்திருக்கிறது. செய்வித்தவர்களில் குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும் உண்டு. திருச்சாரணத்து, அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற இன்றைய சிதறால் மலைக் குரத்தியர் பெயரும் இருக்கிறது. பெண்கள் பாடம் சொன்ன இடம் நம் சீமையில் இருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உச்சிவெயிலில் போனால் எழுத்தும் தெரியாது, பாறையிலும் கால் வைக்க முடியாது. காலைச் சாய்வெயில்தான் சரி. எழுத்து மங்கலாக இருந்தால் செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல், பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்; குழிகளில் நிழல் விழுந்து வடிவம் எழும்பும். சுண்ணக்கட்டி தேய்த்துப் படிக்கிறார்கள், வேண்டாம். எண்ணெயும் சூடப்புகையும் அதைவிடக் கேடு: தூசி ஒட்டி, கரி படிந்து, எழுத்துக்குழியே தூர்ந்துபோகும்.

கோவில்பட்டி வரை ரயில் உண்டு. அங்கிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், வயசானவர்களை அன்றைக்கு ஏற்றாதீர்கள்.