அந்தஸ்து என்கிற வில்லன்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. ஒரு பெட்டிக்கடை அகலம்தான். ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல் எல்லாவற்றையும் மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்து, முதுகில் காலிகோ ஒட்டி அடுக்கி வைத்திருப்பார் கடைக்காரத் தாத்தா. மத்தியானச் சமையல் முடிந்ததும் அம்மா என்னை விரட்டுவாள். "ரமணிசந்திரன் புதுசு வந்துச்சான்னு கேளு. இல்லைன்னா ராஜேஷ்குமார் ஏதாச்சும் குடுக்கச் சொல்லு." காதல் இல்லையென்றால் கொலை. வேறு சரக்கு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

எனக்கு அந்தப் புத்தகங்களில் கதையைவிடப் பிடித்தது, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதுதான். யாரோ ஒரு புண்ணியவான் நாற்பதாம் பக்கத்திலேயே "கொலைகாரன் சித்தப்பா" என்று எழுதி வைத்திருப்பார். அவரைத் திட்டி அடுத்த பக்கத்தில் இன்னொருவர். ஒரு காதல் நாவலில், தன்னைக் கன்னத்தில் அறைந்த கணவனை நாயகி மன்னித்து அவன் தோளில் சாய்கிற கடைசி வரிக்குக் கீழே, பொடி எழுத்தில் "நான் மன்னிக்க மாட்டேன்" என்று இருந்தது. அதற்கும் கீழே நீல மையில் வேறு கையெழுத்து: "உங்களை யார் கேட்டது?"

அம்மா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டுமே நம்ம தெருக் கையெழுத்துதான்" என்றாள். யார் யாரென்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஓரமெல்லாம் கமெண்ட் பகுதிக்கு வந்துவிட்டது. பிரதிலிபி, கிண்டில், எழுத்தாளர்களே நடத்துகிற தளங்கள் என்று தமிழில் காதல் நாவல் கொட்டிக் கிடக்கிறது. வாரத்துக்கு மூன்று யூடி, அதாவது புது அத்தியாயம். நான் பல வருஷமாக சைலண்ட் ரீடர், படிப்பதோடு சரி, கமெண்ட் போட மாட்டேன். கதையைப் படித்துவிட்டுக் கீழே இறங்கி, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதில் பழைய பென்சில் சுகம். ஹீரோ நாயகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோயிலில் கட்டாயத் தாலி கட்டுவான். கீழே "செம மாஸ் சிஸ்" என்று வரிசையாக இதயங்கள். ஒருத்தி மட்டும் "இது கடத்தல் இல்லையா?" என்று கேட்டிருப்பாள். உடனே நாலு பேர்: "அவனுக்கு என்ன ஃபிளாஷ்பேக்கோ, பாவம். வெயிட் பண்ணுங்க சிஸ்."

ஆணுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருந்துவிட்டால் போதும், நம் ஆட்களுக்குச் சட்டமெல்லாம் மறந்துபோகும். பெண்ணை விடாமல் பின்தொடர்வதை 2013-லேயே தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. நாவல்களில் அது இன்னமும் மூன்றாவது அத்தியாயத்தின் காதல்.

இதைச் சொல்வதால் நான் இலக்கியக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். "இதெல்லாம் குப்பை" என்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய என் அம்மாவுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் தனக்கென்று இருந்தது இந்த மாத நாவல்களால்தான். எழுதுகிறவர்களிலும் நிறையப் பேர் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் தட்டுகிறவர்கள். வை.மு. கோதைநாயகி ஞாபகம் வருகிறார். ஆரம்பத்தில் தானாக எழுதவராமல், சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்தவர். 1925-லிருந்து ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல் எழுதினார். அவரையும் அப்போது அடுப்படி எழுத்து என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

என் வருத்தம் வேறு. "சமூகக் கருத்துள்ள காதல் நாவல்", "சமூக அக்கறையோடு ஒரு த்ரில்லர்" என்று முகப்பிலேயே போட்டுக்கொண்டு வருகிற கதைகளைப் பற்றியது. ஆசையாகத் திறப்பேன். காதலுக்குத் தடை என்னவாக இருக்கும்? அந்தஸ்து. எப்போதும் அந்தஸ்து. ஹீரோ எம்.டி., நாயகி அவனுடைய ஆபீஸில் சாதாரண வேலை. ஹீரோவின் பாட்டியோ அம்மாவோ "நம்ம அந்தஸ்து என்ன, அவ அந்தஸ்து என்ன" என்று கொதிப்பார்கள். அறுபது அத்தியாயம் ஓடும். ஜாதி என்ற சொல் ஓரிடத்தில் வராது.

நான் இப்போதெல்லாம் துப்பறியும் வேலை பார்ப்பது காதல் நாவல்களில்தான். இந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கும்? குலதெய்வம் எது, கிடா வெட்டுவார்களா? அப்பாவின் அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஒரு தடயம் விட மாட்டார்கள். கல்யாணத்தில் "ஐயர் மந்திரம் சொல்ல", சாப்பாட்டில் "சாம்பார் மணக்க", அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குக் குடிபோனால் மூன்றாம் நாள் தெரிந்துவிடுகிற விஷயம், முந்நூறு பக்கத்தில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகன் தேவை பக்கம் எந்தத் தலைப்புகளின் கீழ் பிரிந்திருக்கிறது என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும்.

முடிவுதான் உச்சம். அநாதை என்று சொல்லிக்கொண்டிருந்த நாயகி, சின்ன வயசில் காணாமல்போன ஹீரோவின் சொந்த அத்தை மகள் என்று தெரியவரும்! புரட்சிக் காதல் என்று ஆரம்பித்தது முறைப்பெண் கல்யாணத்தில் வந்து நிற்கும். பாட்டி கண் கலங்குவாள். வாசகிகளும் கலங்குவார்கள். நானும் ஒருமுறை கலங்கியிருக்கிறேன், மறைப்பானேன்.

மற்ற சமூகப் பிரச்சினைகளை நம் பத்திரிகைக் கதைகள் எழுதாமல் இல்லை. குடிப்பழக்கம் ஒரு ஆளை என்ன செய்யும் என்று சிவசங்கரி 'ஒரு மனிதனின் கதை'யில் எழுதினார். உப்பளத் தொழிலாளர்கள் படும் கஷ்டத்தை ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிப் பக்கம் நேரில் போய்ப் பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். வரதட்சணைக்கு எதிராக எழுதாத தொடர்கதையே கிடையாது. ஆனால் வரதட்சணையைத் திட்டி எழுதினால் யாருக்குக் கோபம் வரும்? வாங்கினவனே தலையாட்டுவான்.

இனி மர்ம நாவலுக்கு வருகிறேன். கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, விவேக்-ரூபலா, நரேந்திரன்-வைஜெயந்தி என்று எனக்குத் துப்பறிகிறவர்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக மனப்பாடம். அவர்கள் போன வீடுகளில் பிணத்துக்குக் காரணம் உயில், இன்சூரன்ஸ், கள்ள உறவு, போலி மருந்து, பழைய பழி. புதிய த்ரில்லர்கள் கொஞ்சம் துணிந்து ஆணவக்கொலைக்குள் போகின்றன. நல்லது. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். கிராமத்தில் ஒரு பெண் கிணற்றில் கிடக்கிறாள். இன்ஸ்பெக்டர் வருகிறார். முறைமாமன், பண்ணையார் மகன், வாத்தியார் என்று ஆளாளுக்குச் சந்தேகம். கடைசி அத்தியாயத்தில், பாசக்கார அப்பாதான் கொலைகாரன் என்று வெடிகுண்டு.

போன மாதம் ஆபீஸில் சாப்பாட்டு வேளையில் இப்படி ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் நாலு பேர், ஒரே கிண்டில் கணக்கில் மாற்றி மாற்றிப் படிக்கிற ஆட்கள். "அந்த ட்விஸ்ட்டை நான் எதிர்பார்க்கவே இல்ல" என்றேன். எங்களோடு அதிகம் பேசாத ஒருத்தி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "இதுல என்னக்கா ட்விஸ்ட்டு? எங்க ஊர்ல அப்படி ஒண்ணு நடந்துச்சு. யாருன்னு மொத நாளே எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில டீக்கடையில அந்தாளுக்கு எப்பவும் போல டீ ஆத்திக் குடுத்தாங்க."

அந்தப் பதிலிலிருந்து எனக்கு இன்னும் மீள முடியவில்லை. "யார் கொன்றது?" என்ற கேள்வியில்தான் மர்ம நாவலின் உயிரே இருக்கிறது. இந்தக் கொலைகளிலோ ஊருக்கே விடை தெரியும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரையும் கௌசல்யாவையும் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துப் பக்கத்தில், கேமராவில் பதிவாகும்படி வெட்டினார்கள். சங்கர் செத்துப்போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கீழ் நீதிமன்றம் பெண்ணின் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டியவர்களை நாடே டிவியில் பார்த்த வழக்கு இது. இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்றால், எனக்குத் தெரிந்து நிறைய இருக்கிறது. முன்தினம் யார் யாருக்குத் தெரியும்? யார் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள்? சாட்சி ஏன் பிறழ்கிறான்? டீ ஆற்றுகிறவனின் கை நடுங்கியதா இல்லையா? அப்படி ஒரு த்ரில்லர் தமிழில் மாத நாவலாக வந்தால் முதல் பிரதி எனக்கு.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) எனக்கு அந்த மாதிரிப் பதற்றத்தைக் கொடுத்தது. சோடாக் கடை வேலைக்குப் போன பையன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறான். காதல் நாவல்தான். அதிலும் ஜாதிப் பெயர் இல்லை. ஆனால் அங்கே அது மறைக்கப்படவில்லை. ஊர் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ என்ன ஆளு, அவ என்ன ஆளு என்று. படிக்கும்போது என் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. முடிவைச் சொல்ல மாட்டேன், நான் நாற்பதாம் பக்கத்துப் புண்ணியவான் இல்லை.

"அப்படியென்றால் உன் கிண்டில் எழுத்தாளர்களும் அதுபோல எழுத வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் எழுதினவர்கள் பட்டதும் தெரிந்ததுதானே. குமுதத்தில் சுஜாதாவின் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடரை ஜாதி எதிர்ப்பால் நிறுத்தி, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுத வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய பத்திரிகை, அவ்வளவு பெரிய பெயர். தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பில் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் தன்னிலுள்ள எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அடுத்த வருஷம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள் என்ற அர்த்தத்தில் தீர்ப்புச் சொல்லி, அவரை எழுதச் சொன்னது. பின்னால் கோர்ட்டோ பதிப்பகமோ இல்லாத, புனைபெயரில் எழுதுகிற ஒரு குடும்பப் பெண் என்ன செய்வாள்?

இதை நான் யோசித்தது தாமதமாகத்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால், நான் விடாமல் படிக்கிற ஒரு தொடரில் மறுபடி அந்தஸ்து வந்தது. நன்றாக எழுதுகிறவர். மழைக்காலத்தில் தறி ஓடாத வீட்டை அவர் எழுதின அத்தியாயத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். எரிச்சலில் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கமெண்ட் போட்டேன்: "ரெண்டு குடும்பமும் என்ன ஆளுங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டீங்களா?"

பத்து நிமிஷத்தில் கமெண்ட்டைக் காணோம். இன்பாக்ஸில் அவர் வந்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. என் நாத்தனார் படிக்கிறாங்க. மொதல்ல வேற மாதிரிதான் எழுதினேன். வீட்ல சண்டையாகி எடுத்துட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி. "அந்த ரெண்டு எபிசோடும் போன்லதான் கிடக்கு. உங்களுக்கு மட்டும் அனுப்பவா?"

(அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரோ கதைத் தலைப்போ கேட்டு யாரும் வராதீர்கள், சொல்ல மாட்டேன்.)

அனுப்பினார். நேற்று ராத்திரி படித்தேன். நாயகியின் அம்மா ஹீரோ வீட்டுக்கு முதல்முறை வருகிறாள். உட்காரச் சொல்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், காபியும் வருகிறது. அவர்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு மட்டும் பேப்பர் கப். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, அந்தக் கப்பைக் கசக்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் மகள் பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது அது கையில் தட்டுப்படுகிறது. அவ்வளவுதான் காட்சி. கருத்து சொல்கிற வசனம் ஒன்றுகூட இல்லை.

ரெண்டு எபியிலும் நாலைந்து எழுத்துப்பிழை இருந்தது. "டம்ளர்" ஓரிடத்தில் "டம்பளர்" என்று இருந்தது. குறித்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை, ஒற்றை டிக்கில் நிற்கிறது.